மாமனை மங்கலாக்கிய லென்ஸ்

"இதுல நான் எங்கீங்க இருக்கறேன்?"

வேலுச்சாமி அய்யா தன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் அவருடைய தங்கை மகளின் கல்யாணப் போட்டோ. எடுத்தவள் நான்.

மணமகள் நிவேதா தலை குனிந்திருந்தாள். கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த ஒற்றை அட்சதை அரிசிகூடத் துல்லியம். அவளுக்குப் பின்னால் பச்சையும் பொன்னிறமும் வெள்ளையுமாக ஏதோ கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

அந்தக் கரைசலில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினேன். "இதுங்கய்யா."

"இதுங்களா?" விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்க இன்னும் கரைந்தார். "இது நானுங்களா?"

"ஆமாங்க. இந்த வெள்ளை உங்க சட்டைங்க. அதுக்கு மேல இருக்கற கறுப்பு, மீசைங்க."

சத்தியமங்கலத்தில் வாய்க்காலை ஒட்டிய அவர் வீட்டின் முன்னறை அது. மூலையில் மல்லிகைப்பூக் கூடைகள். ஈரத்துணி போட்டு மூடியும் வாசம் அடங்கவில்லை. உள்ளே மணமக்களுக்கு விருந்துச் சமையல். எனக்கும் அவருக்கும் நடுவே முக்காலியின் மேல் ஒன்றரைக் கிலோ எடையில் அந்த லென்ஸ். குற்றவாளியை நேரிலேயே கூட்டிவந்து நிறுத்தியிருந்தேன்.

அவர் லென்ஸைப் பார்க்கவில்லை. சன்னல் வழியாக வெளியே பார்த்தார். காருக்குப் பக்கத்தில் நிவேதாவின் அப்பா நடராஜ், யாரிடமோ செல்போனில் பேசுவதுபோல நின்றுகொண்டிருந்தார். எதிர்முனையில் ஆள் இருந்த மாதிரி தெரியவில்லை.

"உள்ளதச் சொல்லுங்க அம்மணி. எங்க மச்சான் சொல்லித்தான என்னைய இப்படி எடுத்தீங்க?"

இழுக்க இழுக்க இருட்டும்

இதற்குப் பதில் சொல்லுமுன், நான் அந்த லென்ஸிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்கு: பெயர் அமுதா. சிங்காநல்லூரில் ஸ்டூடியோ. தொழில் கல்யாணப் போட்டோ. பாஸ்போர்ட் போட்டோவில் சிரித்தே தீருவேன் என்று அடம்பிடித்தவர்களைப் பற்றிப் போன வாரம் எழுதியதில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு கடைப்பக்கமே வருவதில்லை. இந்த வாரம் என்னைப் பற்றி எழுதுவது பாதுகாப்பு.

என்னிடம் அப்போது இருந்தது சாதாரண ஜூம் லென்ஸ். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும். ஆனால் இழுக்க இழுக்க உள்ளே வரும் வெளிச்சம் குறையும். நம் பக்கத்துக் கல்யாணங்களோ விடிந்தும் விடியாமலும் நடப்பவை. தாலி கட்டும் நேரத்தில் மேடையைச் சுற்றிச் சொந்தபந்தம் மதில் மாதிரி நிற்கும். வெளிச்சமும் கிடையாது, இடமும் கிடையாது. ஃப்ளாஷ் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

விலை உயர்ந்த ஜூம் லென்ஸ் என்று ஒன்று உண்டு. எவ்வளவு இழுத்தாலும் அதன் கண் சுருங்காது. இருட்டிலும் எடுக்கும். 'டூ பாயிண்ட் எய்ட்' என்பார்கள். எங்கள் தொழிலில் இந்தப் பெயரைச் சொல்லும்போது ஆம்பிளைகள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கோயிலில் பேசுகிற குரல்.

"அந்தக் காசுக்கு நல்லா ஓடற பழைய காரே வரும்" என்றார் எங்க வீட்டுக்காரர் செல்வராஜ்.

"கார்ல போட்டோ எடுக்க முடியாதுங்க."

"லென்ஸுல ஏறி ஊருக்குப் போக முடியுமா?"

அவர் மோட்டார் பம்புசெட் வியாபாரி. உலகத்தில் எதைக் காட்டினாலும் வாரண்டி எத்தனை வருஷம் என்றுதான் முதலில் கேட்பார். எங்கள் கல்யாணத்தின்போது கேட்காமல் விட்டதே பெரிது. "உள்ள தண்ணி போனா மாத்திக் குடுப்பாங்களா?" என்றார். தண்ணீருக்கு அடியிலேயே கிடக்கும் சாமானை விற்கிறவரிடம், தண்ணீர் படக்கூடாத சாமானின் பெருமையைப் பேசுவது கஷ்டம்.

இணையத்தில் கிடைத்த அத்தனை விமர்சனங்களையும் பார்த்தேன். ஒவ்வொருவரும் அரைமணி நேரம் பேசி, துல்லியத்தைச் சோதிக்கச் செங்கல் சுவரைப் படமெடுத்துக் காட்டி, கடைசியில் 'உங்களுக்குத் தேவை என்றால் வாங்குங்கள்' என்று முடித்தார்கள். தேவையா என்று தெரிந்திருந்தால் நான் ஏன் செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்?

யூசுப் பாயின் நேர்மை

கோட்டைமேட்டில் யூசுப் பாய் கடை. கேமரா, லென்ஸ், லைட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். முன்பு அங்கே அத்தர் வியாபாரம். இன்றைக்கும் அவர் தருகிற கேமராப் பையைத் திறந்தால் லேசாக ஜவ்வாது வாசம் வரும். அவரிடம் லென்ஸ் எடுத்தவர்களைக் கல்யாண மண்டபத்தில் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

"வாங்கறதா வேண்டாமான்னு என்னையக் கேக்கறீங்களேம்மா" என்றார் பாய். "நீங்க வாங்கிட்டா எனக்கு வாடகை போச்சு. அப்ப நான் என்ன சொல்லுவேன்?"

"வாங்காதீங்கம்பீங்க."

"அதேதான் சொல்றேன். வாங்காதீங்க. ஆனா நான் சொல்றத நம்பாதீங்க."

இத்தனை நேர்மையான ஆலோசனையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது, பிடித்தால் வாங்குவது என்று முடிவானது.

அந்தக் கல்யாணம் தானாக வந்தது. வெள்ளகோவிலில் எண்ணெய் மில் வைத்திருக்கும் நடராஜ், சரஸ்வதி தம்பதியின் ஒரே மகள் நிவேதா. பெங்களூரில் வேலை. யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் படங்களைச் செல்போனில் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

"ஃப்ளாஷ் வேண்டாங்க்கா. மூஞ்சியில அடிச்சா எனக்குத் தலைவலி வந்துரும். எனக்கு இந்த மாதிரி வேணும். நான் மட்டும் தெளிவா இருக்கணும். பின்னாடி இருக்கறதெல்லாம் வெண்ணெய் மாதிரி கரைஞ்சு போயிரணும்."

பின்னாடி யார் நிற்பார்கள் என்று அவளும் யோசிக்கவில்லை. எனக்கோ அப்போதே காதுக்குள் 'டூ பாயிண்ட் எய்ட்' என்று மணியடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஒன்றரைக் கிலோ மரியாதை

இருபது வருஷமாகக் கல்யாண மண்டபங்களில் நான் கேட்டுப் பழகிய வார்த்தை "கொஞ்சம் அக்கட்ட போங்க அம்மணி." அன்றைக்கு வெள்ளகோவிலில் அந்த வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை. சாம்பல் வெள்ளையில், முழங்கை நீளத்துக்கு லென்ஸைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கூட்டம் தானாக விலகியது. கேட்காமலே காபி வந்தது. ஒரு பெரியவர் அருகில் வந்து, "எந்த டிவிங்க?" என்று மெதுவாக விசாரித்தார்.

முகூர்த்த நேரத்தில் மேடையில் பூ அலங்காரத்தின் மஞ்சள் விளக்குகள் மட்டும். நான் பாதி மண்டபம் தள்ளி நின்று இழுத்தேன். லென்ஸின் கண் சுருங்கவில்லை. நிவேதாவின் முகம் அந்த அரையிருட்டில் விளக்கேற்றி வைத்ததுபோல வந்து விழுந்தது. தாலி ஏறியபோது அவள் கண் கலங்கியது. அந்த ஈரம்கூடப் படத்தில் இருந்தது. கேமராத் திரையில் பார்த்துவிட்டு நான் மேடைக்கு எதிரிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காரணம் லென்ஸின் கனம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

எனக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான்.

சரஸ்வதியின் அண்ணன் வேலுச்சாமியும், கணவர் நடராஜும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். காரணம் சொத்து அல்ல. எண்ணெய் மில் திறப்பு விழாவுக்கு நடராஜ் நேரில் போய் அழைக்காமல் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். வேலுச்சாமி அதைத் திறந்து பார்த்தார் என்பதற்கு இரண்டு நீல டிக் சாட்சி. ஆனால் வரவில்லை. அன்றோடு போக்குவரத்து நின்றது.

மகள் கல்யாணம் என்றதும் சரஸ்வதி ஒற்றைக்காலில் நின்று, கணவரைத் தாம்பூலத்தட்டோடு சத்தியமங்கலம் அழைத்துப் போயிருக்கிறார். வேலுச்சாமியும் வந்தார். தாய்மாமன் சீர் குறைவில்லாமல் செய்தார். தாலி கட்டும்போது மருமகளுக்குப் பின்னால், தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில், நிமிர்ந்து நின்றார்.

லென்ஸ் அவரை வெண்ணெயாக உருக்கிவிட்டது.

அவர் மருமகளுக்கு மாலை போட்டபோதும் மாலை தெளிவு, நிவேதாவின் சிரிப்பு தெளிவு, மாலையைப் பிடித்த கைகளுக்கு மேலே ஆள் இல்லை. எல்லாரும் மேடையேறி வரிசையாக நின்று படமெடுத்தபோது, அவர் தாய்மாமன் என்ற உரிமையில் பந்தியில் நின்று இலைக்கு இலை விசாரித்துக்கொண்டிருந்தார்.

வாழைமரம்

படங்களை அனுப்பியதும் நிவேதா போனிலேயே குதித்தாள். "அக்கா, சூப்பருங்க்கா! அப்படியே நான் கேட்ட மாதிரி!"

மறுநாள் அவள் அம்மா சரஸ்வதி கூப்பிட்டார். "ஏனுங்க அம்மணி, எல்லாம் நல்லா இருக்குதுங்க. எங்கண்ணன் மட்டும் ஒண்ணுலயும் காணலீங்களே?"

"இருக்காருங்க. தாலி கட்டற படத்துல, பின்னால இடதுபக்கம் பாருங்க."

"அதுங்களா? அது வாசல்ல கட்டற வாழைமரம்னு நெனச்சனுங்க."

"வீடியோவுல தெளிவா இருப்பாருங்க."

"வீடியோவச் சட்டம் போட்டு மாட்ட முடியுமுங்களா?"

அவர் குரல் தாழ்ந்தது. "அண்ணனுக்கும் படமெல்லாம் போய்ச் சேர்ந்துருச்சுங்க. எங்க ஊட்டுக்காரர் சொல்லித்தான் வேணும்னு அழிச்சுப்போட்டாங்கன்னு நெனைக்கறார். எத்தனை வருஷம் கழிச்சு வந்தாருங்க, தெரியுமா? வர்ற ஞாயித்துக்கெழமை அவரு ஊட்டுல புள்ளைகளுக்கு விருந்து. இவர் வரமாட்டேங்கறார். நீங்க வந்து சொன்னாத்தான் நம்புவாங்க. வாங்க அம்மணி."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். யூசுப் பாயிடம் போய் அதே லென்ஸை இன்னொரு முறை வாடகைக்கு வாங்கிக்கொண்டு சத்தியமங்கலம் போனேன்.

விரலும் கூடையும்

ஆக, "எங்க மச்சான் சொல்லித்தான?" என்று வேலுச்சாமி கேட்டார்.

"இல்லீங்கய்யா. ஒரு விரலக் கண்ணுக்கு முன்னால நீட்டுங்க. விரலையே பாருங்க. பின்னால பூக்கூடை எப்படித் தெரியுது?"

செய்தார். "மங்கலா இருக்குது."

"இப்பக் கூடையப் பாருங்க."

"வெரலு மங்கிப்போச்சு."

"அவ்வளவுதாங்க விஷயம். சாதா லென்ஸ் ரெண்டையும் ஓரளவு காட்டும். இது ஒண்ணத்தான் காட்டும். நான் உங்க மருமகளப் பாத்தேன். நீங்க மங்கிட்டீங்க."

அப்போதுதான் முக்காலியைப் பார்த்தார். "இது வெலை ஜாஸ்திங்களா?"

"ரொம்பங்க."

"அப்ப காசு ஜாஸ்தியாச் சேந்தா, பின்னால நிக்கற சொந்தக்காரன் கண்ணுக்குத் தெரிய மாட்டான்." மீசையைத் தடவிக்கொண்டார். "இது எங்க மச்சானுக்குன்னே செஞ்ச சாமானுங்க."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஏனென்றால் நடராஜ் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

நடராஜ் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்ற மறந்து, இரண்டடி வைத்தபின் திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார். மச்சானின் கையிலிருந்த செல்போனைப் பார்த்துக் குனிந்து, அதே படத்தில் இன்னோர் இடத்தைத் தொட்டார்.

"இது என்னன்னு நெனச்சீங்க மச்சான்?"

"குத்துவெளக்கு."

"நானுங்க. பொண்ணப் பெத்தவன். எனக்கே இந்தக் கதிதான்."

வேலுச்சாமி உற்றுப் பார்த்தார். பெரிதாக்கினார். பிறகு, "தொப்பை தெரியுது" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால் கரண்டிச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

நான் சொல்லாமல் விட்டது

"ரெண்டு பேரும் வாசலுக்கு வாங்க, ஒரு படம் எடுத்துப்போடலாம்" என்றேன்.

வந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவு இடைவெளி. நடராஜ் ஒரு படி பின்னால் வேறு.

"அப்படி நின்னா ஒருத்தர்தாங்க தெளிவா விழுவீங்க. இந்த லென்ஸுக்கு ரெண்டு பேரும் ஒரே கோட்டுல நிக்கோணும். ஓரடி முன்னபின்ன இருந்தாலும் பழையபடி குத்துவெளக்குத்தான்."

இதில் ஒரு சங்கதி உண்டு. நல்ல பகல் வெளிச்சம். கேமராவில் ஒரு சக்கரத்தைத் திருப்பி லென்ஸின் கண்ணைச் சுருக்கிவிட்டால், அவர்கள் வாய்க்காலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்றாலும் இருவரும் தெளிவாக விழுவார்கள். அதை நான் சொல்லவில்லை.

மங்கலாகப் போவதற்கு இருவருமே தயாரில்லை. நடராஜ் முன்னால் வந்தார். வேலுச்சாமி அவரைவிட அரையடி முன்னால் வந்தார். மறுபடி இவர். மறுபடி அவர். நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து அவர்கள் காரில் முட்டிக்கொண்டேன்.

"இந்த ஆட்டமே ஆகாதுங்க மச்சான்" என்ற நடராஜ், அளவு பிடிப்பதற்காக வேலுச்சாமியின் தோளில் கையை வைத்தார். தோளோடு தோள் சரியாக இருக்கிறதா என்று இருவரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பக்கத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும். வேலுச்சாமிதான் முதலில் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை எடுத்தேன். பிறகு மனச்சாட்சிக்குப் பயந்து சக்கரத்தைத் திருப்பி, வீடு வாசல் எல்லாம் தெளிவாக விழும்படி இன்னொன்றும் எடுத்தேன். அதற்குள் இருவரும் கேமராவைப் பார்த்து, தேர்தலில் நிற்கிறவர்கள் மாதிரி விறைத்துவிட்டார்கள்.

எந்தப் படம்?

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் கவனித்தேன். இரண்டு பேருக்கும் பின்னால், கதவை ஒட்டி, சரஸ்வதி நின்றிருந்தார். விறைத்த படத்தில் தெளிவாக இருந்தார். கையில் கரண்டி, முகத்தில் புகை பட்ட சிவப்பு. சிரித்த படத்தில் ஒரு பழுப்புச் சேலையின் நிறம் மட்டும்.

இரண்டையும் அவருக்கே அனுப்பினேன். "மொதல்லதப் பெரிசாப் போட்டுருங்க. ஹால்ல மாட்டோணும்" என்றார்.

"அதுல நீங்க தெரியலீங்களே."

"அவங்க ரெண்டு பேரும் சிரிக்கறாங்களேங்க. அது போதும். நான் எங்க நின்னேன்னு எனக்குத் தெரியுமுங்க."

வாங்கியது

லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். யூசுப் பாய் கண்ணாடி கீறியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அடுத்த தடவை இதக் கேட்டு வராதீங்கம்மா. குடுக்க மாட்டேன்."

"ஏன் பாய்? ஒண்ணும் ஆகலையே."

"லென்ஸுக்கு ஆகல. திருப்பிக் குடுக்கறப்ப உங்க மூஞ்சியப் பாக்க முடியல."

அந்த வாரம் ஒரு நாள் செல்வராஜுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கடையில் ஒரு விவசாயிக்கு, அவர் கேட்டதைவிடப் பெரிய மோட்டாரை விற்றுக்கொண்டிருந்தார். "வருஷம் பூரா இத்தனை சக்தி வேண்டாங்க, ஒத்துக்கறேன். கோடையில தண்ணி அடியில போகும் பாருங்க, அந்தக் கொஞ்ச நாளைக்குத்தான் வேணும். ஆனா அந்தக் கொஞ்ச நாள்லதான் பயிர் காயும்."

விவசாயி தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். செல்வராஜ் என்னைப் பார்த்துவிட்டார். தன் வாயாலேயே எதை விற்றுவிட்டோம் என்று அவருக்குப் புரிந்த அந்த விநாடியைப் படமெடுக்கக் கையில் கேமரா இல்லை. மாதத் தவணையில் வாங்கினோம். வாரண்டி அட்டையை அவரே பத்திரப்படுத்தினார்.

இன்றைக்குக் கணக்குப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் "எல்லாருமே தெரியோணுமுங்க" என்கிறார்கள். பெருந்தொகை கொடுத்து வாங்கிய கண்ணைச் சுருக்கியே எடுக்கிறேன். சாதாரண லென்ஸ் செய்கிற வேலையை இது ஒன்றரைக் கிலோவில் செய்கிறது. மணிக்கட்டு வலிக்குத் தைலம் தனிச் செலவு.

லென்ஸ் வந்த புதிதில், சட்டம் போட்ட படத்தைக் கொடுக்க வெள்ளகோவில் போனேன். வேலுச்சாமியும் வந்திருந்தார். படத்தை மாட்டி, மச்சான்கள் இருவரும் தள்ளி நின்று ரசித்துவிட்டு, உடனே தேங்காய் விலையைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

"உங்களத் தனியா ஒண்ணு எடுக்கறனுங்க" என்றேன் சரஸ்வதியிடம்.

"எனக்கு எதுக்குங்க?" என்றவர் உள்ளே போனார். முகம் கழுவி, தலை வாரி, பெட்டியிலிருந்து பட்டுச்சேலை எடுத்து உடுத்தி, அது பிடிக்காமல் வேறொன்று மாற்றி, பூ வைத்துக்கொண்டு வந்தபோது வெயில் முழுக்கப் போய்விட்டது. "இருட்டிருச்சுங்களா? அப்ப வேண்டாமுங்க" என்று திரும்பிப் போகப் பார்த்தார்.

"இந்த வெளிச்சம் போதுமுங்க. உக்காருங்க."

லென்ஸின் கண்ணை முழுசாகத் திறந்தேன். சன்னலோரத்தில், என்ன செய்வதென்று தெரியாமல் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தார் சரஸ்வதி. காதோரத்து நரைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது. பின்னால், ஹாலில், இரண்டு ஆம்பிளைகள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே வெண்ணெயாகக் கரைந்துகொண்டிருந்தார்கள்.